சங்ககிரியும் பாஞ்சாலங்குறிச்சியும்: 1800–1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் முதற் போர்கள்

சேலத்தினின்று ஈரோட்டுக்குப் புகைவண்டியிற் செல்வோர் சங்ககிரி மலையைக் காணாது கடத்தல் அரிது. சமநிலத்தினின்று தனித்தெழுந்த அக்குன்றின்மேல் மதிலுக்கு மேல் மதிலாக வளைந்தேறும் பழங்கோட்டை ஒன்றுண்டு. 1805ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் கொங்கு வீரர் தீரன் சின்னமலை இச்சங்ககிரியிலேதான் தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கன்று காவிரியில் நீராடித் திரும்பும் நம் பகுதி மக்கள் அவரையும் நினைந்து போற்றுகின்றனர். அவர் நினைவாக அஞ்சல் தலையும் 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆயினும், இக்கதையின் முடிவை அறிந்த அளவு அதன் தொடக்கத்தை நம்மிற் பலர் அறிந்தாரல்லர். சங்ககிரித் தூக்குமரத்தில் முடிந்த அப்போராட்டம் எங்குத் தொடங்கிற்று? அதன் முதற் போர்கள் எவ்வாறு நிகழ்ந்தன? அவை நிகழ்ந்த காலத்தில் சேலம், நாமக்கல் சமவெளி மட்டும் அமைதியாய் இருந்தமைக்குக் காரணம் யாது? ஒரு பாளையக்காரனுக்கும் வரி தண்டுவோனுக்கும் இடையே எழுந்த பூசல் எந்நிலையிற் புரட்சி என்னும் பெயருக்கு உரியதாகிறது? இவற்றை இயன்ற அளவு விளக்குதலே யாம் மேற்கொண்ட முயற்சி.

ஆற்றின் இரு கரைகள்

முதற்கண் அக்கால நாட்டமைப்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். மைசூர்ப் போர்களுள் மூன்றாவது 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது. திப்பு சுல்தான் தம் நாட்டிற் பாதியை இழந்தார். பாராமகாலும், சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகியனவும், திண்டுக்கல் சீமையும் ஆங்கிலக் கும்பினியார் கைப்பட்டன. காவிரியாறு எல்லையாயிற்று. கீழ்க்கரையிற் கும்பினியின் கொடி. மேல்கரையில் திப்புவின் கொடி. இந்நிலை ஏழாண்டு நீடித்தது. 1799ஆம் ஆண்டு மேத் திங்கள் 4ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்து திப்புவும் மடிந்த பின்னரே, ஈரோடும் காங்கயமும் கோயமுத்தூரும் அடங்கிய மேல்கரைக் கொங்குநாடு கும்பினியாரைச் சார்ந்தது. இவ்வேழாண்டு வேற்றுமையை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் வரும் செய்திகள் பலவற்றை விளக்கும் திறவுகோல் அதுவே.

தென்பாண்டிச் சீமையில் நிலைமை வேறு. அங்கு நாட்டுக்குரியவர் ஆர்க்காட்டு நவாபு என்பது பெயரளவே. கடன்பட்டு நொந்த நவாபு 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால், பாளையக்காரரிடம் பேஷ்கஷ் என்னும் திறைப்பணம் தண்டும் உரிமையைக் கும்பினிக்கு ஒப்புவித்தார். பாளையக்காரரோ வெறும் வரி தண்டுவோர் அல்லர். தமக்கெனக் கோட்டையும், காவலும், வழக்குத் தீர்க்கும் உரிமையும், வேலும் ஈட்டியும் ஏந்திய குடிகளும் உடையவர். அவரிடம் இதுகாறும் திறை கேட்டவர் நவாபின் ஆட்கள். கொடுத்தும் கொடாதும் காலங் கழித்தல் இயன்றது. இனிக் கேட்டவரோ கணக்கும் தவணையும் பீரங்கியும் உடைய ஒரு வணிகக் கூட்டத்தார். 1798ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனோடு பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனுக்கு நேர்ந்த கைகலப்பு இம்மாறுதலின் விளைவாகும். மறுவாண்டு செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். தப்பிச் சென்ற கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களாற் பிடிபட்டு, அக்டோபரில் கயத்தாற்றில், வரவழைக்கப்பட்ட ஏனைப் பாளையக்காரர் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். கோட்டைகளை இடித்துப் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு கட்டளை பிறந்தது. கட்டபொம்மனின் தம்பியர் பாளையங்கோட்டையிற் சிறைப்பட்டனர்.

கும்பினியார் இத்தோடு யாவும் முடிந்தன என்று கருதினர் போலும். உண்மையில் அப்பொழுதுதான் தொடங்கின.

கோயமுத்தூரில் முதல் முயற்சி

திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியின் கோபால நாயக்கர், சிவகங்கையின் மருது சகோதரர், மலபாரின் கேரளவர்மப் பழசிராசா, மைசூர்ச் சீமைக்கு வடக்கே பெரும் குதிரைப்படை திரட்டியிருந்த தூந்தாஜி வாக் ஆகியோரிடையே 1799, 1800ஆம் ஆண்டுகளில் ஓலைகளும் தூதுவரும் சென்று மீண்டனர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவர்களை இணைத்தது ஒரே கருத்து: தனித்தனியே நின்றால் தனித்தனியே வீழ்வோம் என்பது.

இவ்விணைப்பின் முதற் செயல் கோயமுத்தூரிலே குறிக்கப்பட்டது. இடத்தேர்வு அறிவுடையது என்பது நிலப்படத்தை நோக்கின் விளங்கும். பாலைக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்த அவ்வூர், மலபாரையும் மைசூரையும் திண்டுக்கல்லையும் இணைக்கும் முடிச்சு. அதனைப் பிடித்தால் மூன்று திசைக் கிளர்ச்சியும் ஒன்றாகும். மேலும், மேல்கரைக் கொங்கில் திப்புவின் படையிலிருந்து கலைக்கப்பட்டு வேலையற்றுத் திரிந்த வீரர் பலர் இருந்தனர். ஆட்சி புதிது, வரியும் புதிது, மனக்குறையோ மிகுதி. 1800ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் முகரம் பண்டிகை வந்தது. கும்பினிப் படையிலிருந்த முகம்மதிய வீரர் விழாவில் ஈடுபட்டிருக்கும் நேரத்திற் கோட்டைக் காவலை மடக்குவது என்பது ஏற்பாடு.

ஏற்பாடு நிறைவேறவில்லை. குறித்த நேரத்துக்கு முன்னரே செய்தி வெளிப்பட்டது, கோட்டையினர் விழித்துக்கொண்டனர். பல இடங்களினின்றும் வந்த கூட்டத்தார் ஒன்று சேருமுன்னரே சிதறடிக்கப்பட்டனர். பிடிபட்டோரில் நாற்பதுக்கு மேற்பட்டோர் கோயமுத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், பின்னர் வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, கோணகல் என்னும் இடத்தில் தூந்தாஜி வாக்கைப் போரிற் கொன்றார். வடதிசைத் தூண் ஒன்று சரிந்தது.

இத்தோல்வியினின்று நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. தொலைவிலுள்ள பல தலைவர் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடி அடித்தல் வேண்டும் என்னும் திட்டம் ஏட்டில் அழகியது. அஞ்சல் ஓட்டமும் காலணியற்ற தூதுவனுமே செய்திச் சாதனமாய் இருந்த காலத்தில் அஃது அருமையினும் அருமை. ஒருவன் நாவில் நழுவிய ஒரு சொல், அல்லது ஒரு கூட்டம் ஒரு நாள் முந்திய வருகை, முழுத் திட்டத்தையும் கெடுக்கும். முதற்போரில் வெற்றி பெற வேண்டுமாயின் மறைவும் விரைவும் ஒருங்கே வேண்டும். இவ்விரண்டும் எட்டுத் திங்களுக்குப் பின் பாளையங்கோட்டையில் வாய்த்தன.

பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவர்

1801ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் மாலை. பாளையங்கோட்டையில் ஆங்கில அதிகாரிகளும் அவர் குடும்பத்தாரும் மேஜர் மெக்காலேயின் தோட்ட மாளிகையில் விருந்துண்டு கொண்டிருந்தனர். அந்நேரத்தில், மாறுவேடத்தோடு ஊருக்குள் நுழைந்திருந்த துணைவர் உதவியால், கட்டபொம்மனின் தம்பியர் காவலரை மடக்கிச் சிறையினின்று வெளியேறினர். முப்பது மைல் தொலைவை இரவோடிரவாகக் கடந்து தம் ஊரை அடைந்தனர். அவருள் ஒருவரான குமாரசாமியை, பேச்சுத் தடையுடையவராதலின், மக்கள் ஊமைத்துரை என்றே வழங்கினர்.

அவர்கள் அடைந்த ஊரிற் கோட்டை இல்லை. பானர்மன் அதனை இடித்துத் தரைமட்டமாக்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. ஆயினும் ஒரு வாரத்துக்குள் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, பழைய இடத்திலேயே புதிய கோட்டை நின்றது. ஊரார் அனைவரும் ஆணும் பெண்ணுமாய் மண் சுமந்தனர் என்பர். தம்மிடமிருந்த படை போதாதென்று கண்ட மெக்காலே, போரிட்ட வண்ணமே பாளையங்கோட்டைக்குப் பின்வாங்கினார். தூத்துக்குடிக் கோட்டையும் கிளர்ச்சியாளர் வசமாயிற்று. நாட்டுப்புறம் முழுவதிலும் கும்பினியின் ஆணை செல்லாதாயிற்று.

இக்கோட்டை எத்தகையது? ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமுமே உடையது. பன்னிரண்டு அடி உயரமுள்ள மண்மதில், இடையிடையே சிறு கொத்தளங்கள், அகழி இல்லை, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. ஐரோப்பியப் பொறியாளன் கண்டால் நகைக்கத்தக்க அமைப்பு. ஆனால் 1801ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் கும்பினிப் படை அதன்மீது பாய்ந்தபோது நகைப்பு மாறிற்று. கருங்கல் மதிலாயின் குண்டு பட்டவிடத்துப் பிளந்து சரியும்; அம்மதிலின் மண்ணோ குண்டைத் தன்னுள் வாங்கிப் புதைத்துக்கொண்டது. உடைந்த இடத்தின் உச்சிக்கு ஏறிய வீரரை உள்ளே நின்றோர் மிக நீண்ட ஈட்டிகளாற் குத்தித் தள்ளினர். மேலேறியவன் எவனும் உள்ளே இறங்க இயலவில்லை. அதிகாரிகளும் சிப்பாய்களுமாகப் பலர் மடிய, எஞ்சியோர் திரும்பினர். அந்நாளில் ஒரு மண்கோட்டையின் முன் சென்னை அரசாங்கத்தின் படை தோற்றது.

இப்போரில் எதிர்த்தரப்பிற் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1830ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி வியந்து எழுதியுள்ளார். வாய் பேசாத அத்தலைவர், சிறு துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் ஆங்கிலப் படைபோல் அடுக்கி வைப்பாராம். பின்னர்க் காலத்தையும் இடத்தையும் சைகையாற் குறித்து, வலக்கையால் அத்துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிவாராம். அதுவே தாக்குதற்கு ஆணை. மக்கள் அவரைத் தெய்வமெனப் போற்றினர் என்று பகைவரே எழுதுகின்றார். 1881ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் ஐயரும் இச்செய்திகளைப் போற்றி எடுத்துரைத்துள்ளார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் கால்டுவெல்லை அறிந்த எம்மனைய தமிழ் மாணவர்க்கு, அவர் இப்போரின் நினைவையும் நமக்குக் காத்துத் தந்தார் என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

தோல்வியுற்ற அரசாங்கம் காத்திருந்தது; பெரும் பீரங்கிகளை வருவித்தது; கர்னல் அக்னியூவைத் தலைவராக்கியது. மே 24ஆம் நாள் நிகழ்ந்த இரண்டாம் பாய்ச்சலிற் கோட்டை வீழ்ந்தது. எஞ்சிய வீரர் மறுபுறமாக அணிவகுத்து வெளியேறினர். குதிரைப்படை தொடர்ந்து வெட்டிற்று. ஊமைத்துரை புண்பட்டு வீழ்ந்தார். அருகிலுள்ள சிற்றூர்ப் பெண்டிர் அவரை எடுத்துச் சென்று துணியால் மூடி, அம்மை கண்ட பிள்ளை என்று அழுது, தேடி வந்தோரை விலகச் செய்து காத்தனர் என்பது வெல்ஷ் கேட்டு எழுதிய செய்தி.

பூசல் புரட்சியான நாள்

இதுவரை நிகழ்ந்தவற்றைப் பாளையக்காரர் பூசல் என்று ஒருவர் கூறினால் முற்றும் மறுத்தல் அரிது. பறிபோன பாளையத்தை மீட்கவும், தூக்கிலிட்ட தமையனுக்காகப் பழி வாங்கவும் எழுந்த போர் எனலாம். ஆனால் அடுத்த திங்களில் நிகழ்ந்தது வேறு.

புண் ஆறிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமையிலுள்ள சிறுவயலில் மருது சகோதரரிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்கும்படி கேட்ட கும்பினியாருக்கு மருதிருவர் இணங்கிலர். 1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும், சீரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் பெயரால் அறிக்கை ஒட்டப்பட்டது. நாவலந்தீவில் வாழும் எல்லா இனத்தாரையும் எல்லாச் சாதியாரையும், முகம்மதியரையும் அவ்வறிக்கை விளித்தது. நம்மவர் ஒருவரையொருவர் பழித்து ஒற்றுமையின்றி வாழ்ந்தமையே நாடு அயலார் கைப்பட்டமைக்குக் காரணம் என்று அது கூறிற்று. அயலார் படையிற் சம்பளம் பெறும் சிப்பாய், சுபேதார் முதலியோரையும் எழுமாறு அழைத்தது.

இங்கே வழக்கின் பொருளே மாறியமை காண்க. ‘எம் திறையை ஏன் உயர்த்தினாய்?’ என்பது பாளையக்காரன் வினா. ‘எம்மை ஆள நீ யார்?’ என்பது நாட்டின் வினா. முதல் வினாவுக்குப் பணத்தால் விடை கூறலாம். இரண்டாவதற்கு அவ்வாறு கூறவியலாது. ஒரு சீமையில் எழும் பூசல் இரண்டாம் வினாவை எழுப்பும் அன்றே புரட்சியாகிறது என்பது எம் கருத்து. இவ்வறிக்கைக்கு வலிமை தந்தவை சொற்கள் மட்டுமல்ல; மார்ச்சு 31ஆம் நாள் வெற்றியும்தான். கும்பினிப் படையும் தோற்கும் என்பதை மக்கள் கண்ணாற் கண்ட பின்னரே அவ்வழைப்புக்குச் செவிசாய்த்தனர். முதற் போர்களின் பயன் நிலத்தைக் கைப்பற்றுவதினும் அச்சத்தைக் கைவிடச் செய்வதிலேயே பெரிதும் உள்ளது.

கடலுக்கு அப்பாலும் இவ்வுண்மை விளங்கிற்று. 1775ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் அமெரிக்காவின் லெக்சிங்டன், கான்கார்டு என்னும் ஊர்களில், மறைத்து வைத்த வெடிமருந்தைக் கைப்பற்ற வந்த ஆங்கிலப் படையை உழவர் துப்பாக்கியோடு எதிர்த்தனர். இரண்டு திங்களுக்குப்பின் பங்கர்க் குன்றில் ஓரிரவிற் கட்டிய மண்ணரணுக்குப் பின்னின்று போரிட்டனர். குன்று ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயினும் அவர் தரப்பில் ஆயிரவருக்கு மேற்பட்டோர் இறந்தும் புண்பட்டும் வீழ்ந்தனர். விடுதலை அறிக்கை வெளியானது அதற்கு மறுவாண்டு ஜூலையில். அங்கும் முதலிற் பூசல், பின்னர்ப் போர், அதன்பின்னரே அறிக்கை. அப்போரின் முடிவில் 1781ஆம் ஆண்டு யார்க்டவுனில் சரணடைந்த படைத்தலைவர் காரன்வாலிஸ் பிரபுவே, 1792ஆம் ஆண்டு நம் சேலத்தைத் திப்புவிடமிருந்து பெற்றவர். ஒரு கண்டத்தில் இழந்தவர் மறு கண்டத்தில் ஈட்டினார்!

எனின், அங்கு வென்றது இங்குத் தோற்றமைக்குக் காரணம் என்ன? அமெரிக்கர்க்கு முதற் குண்டு வெடிக்குமுன்னரே, 1774ஆம் ஆண்டிலேயே, குடியேற்ற நாடுகளின் பொதுப் பேரவை கூடியிருந்தது. இங்கு ஓலைப் போக்குவரத்து இருந்ததேயன்றி நிலையான பொதுச்சபை இல்லை. அவர்க்கு 1778ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு அரசின் பணமும் கப்பலும் கிடைத்தன. இங்கோ 1801ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் துணை வருதற்கு வழியில்லை. கிளர்ச்சியை அடக்கிய படையிலும் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே; எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கும்பினிப் பக்கமே நின்றன. அறிக்கை இடித்துரைத்த ஒற்றுமைக் குறையே அவ்வறிக்கையையும் வீழ்த்தியது.

நம் சமவெளி ஏன் எழவில்லை?

கோயமுத்தூரும் திண்டுக்கல்லும் சிவகங்கையும் பாஞ்சாலங்குறிச்சியும் கொதித்த அவ்வீராண்டிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் பெரும்போர் நிகழவில்லை. இதனை நம் முன்னோரின் கோழைமை என்று கூறுதல் எளிது, ஆனால் முறையன்று.

முதற் காரணம், இங்கு எழுதற்குரிய பாளையக்காரர் பலர் எஞ்சவில்லை. ஐதர் அலியும் திப்புவும் தம் ஆட்சிக் காலத்திலேயே பெரும்பாலான பாளையங்களைப் பறித்து, வரியை நேரே தண்டத் தொடங்கினர். மைசூர் வல்லாண்மை செய்து முடித்த வேலையின் பயனைக் கும்பினி நுகர்ந்தது.

இரண்டாவது, 1792ஆம் ஆண்டு இங்கு வந்த காப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவர் உதவியாளரான மன்றோ, கிரஹாம், மக்லவுடு என்போரும் வயல்தோறும் அளந்து, குடியானவன் ஒவ்வொருவனோடும் நேரே தீர்வை பேசினர். பின்னர் ரயத்துவாரி எனப் பெயர் பெற்ற முறைக்கு இச்சீமையே தொட்டில். தீர்வை இலேசானது என்று யாம் கூறவில்லை. ஆனால் குடியானவனது குறை இனிக் கச்சேரிக்குச் சென்றது. அதனைத் திரட்டிப் போராக்கும் இடைத்தலைவன் இல்லாதொழிந்தான். கும்பினியை எதிர்த்தல் வேண்டுமாயின் ஒவ்வொருவனும் தனித்தே எதிர்த்தல் வேண்டும். இது கோட்டையினும் வலிய காவல்.

மூன்றாவது, இடத்தின் இயல்பு. நாமக்கல் பாறையும் திருச்செங்கோட்டு மலையும் சங்ககிரியும் பகைவர்க்கு அரியவை, உள்ளிருப்போர்க்கு உரியவை. 1768ஆம் ஆண்டில் கர்னல் உட்டு இச்சமவெளிக் கோட்டைகளைப் பிடித்ததும், அவ்வாண்டு முடியுமுன் ஐதர் அவற்றை மீட்டதும் முதியோர் நினைவில் இருந்திருக்கும். 1792ஆம் ஆண்டு முதல் இக்கோட்டைகள் கும்பினியின் கையில் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சியில் மண்மதில் கட்டியவர் கிளர்ச்சியாளர். இங்குக் கல்மதிலுக்குள் இருந்தவர் அரசாங்கத்தார்.

ஆற்றுக்கு அக்கரையிலோ ஏழாண்டு இடைவெளியின் வெப்பம் ஆறவில்லை. காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்திற் பிறந்து, திப்புவின் பக்கம் நின்று போரிட்ட தீர்த்தகிரி, சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மீண்டு வந்து அரச்சலூரை அடுத்த ஓடாநிலையிற் கோட்டை கட்டினார். இவரே சின்னமலை எனப்பட்டவர். 1801ஆம் ஆண்டு காவிரிக் கரையிலும், 1802ஆம் ஆண்டு ஓடாநிலையிலும், 1804ஆம் ஆண்டு அரச்சலூரிலும் கும்பினிப் படையை வென்றார் என்பது கொங்கு நாட்டு வழக்கு. பழனிமலைப் பகுதியில் வஞ்சனையாற் பிடிபட்டுச் சங்ககிரிக்குக் கொணரப்பட்டார் என்பதும் அவ்வழக்கே. தெற்கே தணிந்த தீயின் கடைசிச் சுடர் இவர். அதனை அணைப்பதற்குக் கும்பினியார் தேர்ந்த இடம், ஆற்றுக்கு இக்கரையில், தம் ஆட்சி வேரூன்றிய நம் சமவெளியின் மலையுச்சி.

விலை

தெற்கே புரட்சியின் முடிவு விரைந்து வந்தது. காளையார்கோயிற் காட்டை ஏறத்தாழ ஒரு திங்கள் வெட்டியும் வழி காணாத கும்பினிப் படை, வேறு வழியாற் புகுந்து அக்டோபர் முதல் நாள் அவ்வூரைப் பிடித்தது. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரிலும், நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். கோபால நாயக்கர்க்கும் அம்முடிவே. டிசம்பர் முதல் நாள் சென்னைக் கவர்னர் வெளியிட்ட கட்டளை, தென்சீமை மக்கள் படைக்கலம் ஏந்துதலைத் தடுத்தது; அடங்கி நடப்போர்க்கு நிலையான தீர்வை அளிப்பதாக உறுதி கூறிற்று. அதனை ஒட்டி 1802ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. நம் சேலம் சீமையிலும் ரீடின் முறை கைவிடப்பட்டு, ஊர்கள் மிட்டாக்களாகப் பகுக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. சின்னமலை அக்கரையிற் போரிட்ட அதே ஆண்டுகளில் இக்கரையிற் பணமுடையோர் மிட்டாதார் ஆயினர். அவருட் பலர் தீர்வை கட்ட மாட்டாமல் விரைவில் மிட்டாக்களை இழந்தனர். எழாதிருந்ததற்கு இச்சமவெளி பெற்ற பரிசும் நிலைக்கவில்லை.

சங்ககிரித் தூக்குக்கு ஓராண்டு முடியுமுன்னரே, 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் எழுந்தனர். சின்ன மருதுவின் அறிக்கை எவரை அழைத்ததோ அவரே, ஐந்தாண்டு கழித்து, தம் காரணங்களுக்காக எழுந்தமை கருதத்தக்கது. 1971ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் இராசய்யன், 1800–1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்றே பெயரிட்டு நூல் எழுதினார். பெயரைப் பற்றி அறிஞர் வாதிடுக. யாம் கூற விரும்புவது ஒன்றே: அதனைக் கலகம் என்று எழுதியவர் வென்றவர், தோற்றவர் இட்ட பெயரைச் சீரங்கத்து மதிலில் ஒட்டிய தாளிலேதான் தேடிக் காணல் வேண்டும்.

இன்னும் ஒரு செய்தி கூறி முடிப்போம். 1802ஆம் ஆண்டு பிப்ரவரியில், உயிரோடு விடப்பட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் தூத்துக்குடியினின்று கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவருள் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. அகவை ஏறத்தாழப் பதினைந்து. போருக்கு முன்னர் அவன் தந்தையிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்ற நண்பர்தாம் முன்னர்க் கூறிய வெல்ஷ். பதினாறாண்டு கழித்து, 1818ஆம் ஆண்டில், அவ்வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது, தளர்ந்து நலிந்த ஒருவன் அவரைத் தேடி வந்து நின்றான். அவனை அவர் அடையாளங் கண்டிலர். தன் பெயரை அவன் கூறிய பின்னரே அறிந்து உளம் நொந்ததாக எழுதியுள்ளார். அவனுக்கு அறிக்கை எழுதத் தெரியாது. படை நடத்தவும் தெரியாது. எம் வகுப்பிலுள்ளார் எவரினும் இளையவனாய்ச் சென்றவன், தன் பெயரைத் தானே சொன்னாலன்றி அறியப்படாதவனாய் நின்றான். தூக்குமரத்தில் மடிந்தவர்க்கு நாட்டுப்பாடல் உண்டு, விழா உண்டு, சிலை உண்டு. கப்பலேறிச் சென்றவர் பெயர்களையும் ஆடிப் பெருக்கன்று ஒரு முறையேனும் சொல்லுதல் நம் கடமையன்றோ?